வளர்ப்புப் பிள்ளையும் வாப்பாவின் பெயரும்

 

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் கண்ட காட்சி இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பந்தல் நிறையக் கூட்டம். மணமகன் வந்து அமர்ந்துவிட்டார். பள்ளிவாசலிலிருந்து கொண்டுவரப்பட்ட நிக்காஹ் தஃப்தரை விரித்து, ஹஜ்ரத் அவர்கள் மணமகளின் பெயரை எழுதினார்கள். அடுத்து, தந்தையின் பெயர். பெண்ணை வளர்த்தவர் தம் பெயரைக் கூறினார். அப்போது மூலையில் அமர்ந்திருந்த ஒரு முதியவர், "அந்தப் பிள்ளை உங்களுக்குப் பிறந்ததில்லையே, தம்பி! வலீ யார் என்று கேட்டு எழுதுங்கள், ஹஜ்ரத்" என்றார். தீய எண்ணத்தோடு கூறியவரல்லர் அவர். நிக்காஹ் பழுதுபட்டுவிடக் கூடாதே என்னும் கவலையே அவரைப் பேச வைத்தது. ஹஜ்ரத்தின் பேனா நின்றது. மணக்கோலத்தில் உள்ளறையில் அமர்ந்திருந்த பெண்ணுக்கு அச்சொல் போய்ச் சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அவள் அறியாதிருந்த செய்தி அது.

நிக்காஹ் அன்றே நடந்தேறியது. எவ்வாறு நடந்தது என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

இப்பகுதிக்கு வரும் மடல்களில் பிள்ளை வளர்ப்பதைப் பற்றிய வினாக்கள் தொடர்ந்து இடம்பெறுகின்றன. மகப்பேறு வாய்க்காத தம்பதியர் எழுதுகின்றனர். அண்ணன் மௌத்தாகிவிட, அவர் மக்களைத் தம் வீட்டிற்கு அழைத்துக்கொண்ட தம்பிமார் எழுதுகின்றனர். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பிறர் குழந்தையை எடுத்து வளர்க்க நம் மார்க்கத்தில் இடமுண்டா?"

இடமுண்டா என்று ஐயுறுவதே வியப்பிற்குரியது. யதீமாகப் பிறந்து, முதலில் பாட்டனாரும் பின்னர்ப் பெரிய தந்தையாரும் வளர்க்க வளர்ந்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். யதீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எத்துணை நெருக்கத்தில் இருப்பார் என்பதை, இரு விரல்களைச் சேர்த்துக் காட்டி அவர்கள் விளக்கியது புகாரீயில் பதிவாகியுள்ளது. மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததைத் திருமறை கூறுகிறது. இவ்வாறு பொறுப்பேற்பதற்கே 'கஃபாலத்' என்று பெயர். மார்க்கம் தடுப்பது வளர்ப்பதையன்று. வளர்க்கும் பிள்ளையைப் பெற்ற பிள்ளை என்று எழுதிக்கொள்வதைத்தான்.

இந்த வேறுபாட்டை விளக்க ஜைது (ரலி) அவர்களின் வரலாறே போதும். சிறுவயதில் கொள்ளையரால் கவரப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வழியாக நாயகத்தின் இல்லம் வந்தவர் அவர். தேடி அலைந்த தந்தை ஹாரிஸா ஒருநாள் மக்கா வந்து சேர்ந்தார். மகனை மீட்டுச் செல்லப் பொருளும் கொண்டுவந்தார். போவதா, இருப்பதா என்று முடிவு செய்யும் உரிமையை நாயகம் (ஸல்) அவர்கள் ஜைதிடமே விட்டார்கள். ஜைது இருப்பதாகவே கூறினார். அதன்பின் மக்கள் அவரை 'முஹம்மதின் மகன் ஜைது' என்றே அழைத்தனர். பின்னர், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறும், தந்தையர் யார் என்று தெரியாவிடில் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்றும் அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை வந்தது. அன்று முதல் அவர் மீண்டும் ஜைது இப்னு ஹாரிஸா ஆனார். பெயர் மாறியதே அன்றிப் பாசம் மாறியதா? முஅத்தா போருக்குச் சென்ற படையின் முதல் தளபதியாக அவரையே நாயகம் (ஸல்) அவர்கள் நியமித்தார்கள். அவருடைய மகன் உஸாமாவை, அன்புக்குரியவரின் அன்பு மகன் என்றே தோழர்கள் அழைத்தனர். திருமறையில் பெயர் குறிப்பிடப்பட்ட தோழர் ஜைது ஒருவரே.

ஆக, தந்தையின் பெயர் என்பது அப்பிள்ளையின் அமானிதப் பொருள். பிள்ளைக்கு ஊட்டலாம், உடுத்தலாம், படிக்க வைக்கலாம், கட்டியணைத்து உறங்க வைக்கலாம். அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

"சட்டம் இதற்கு என்ன சொல்கிறது?" என்பது அடுத்த வினா. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு மட்டுமே உரியது. நமக்கு நெடுங்காலம் இருந்த வழி 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம். மாவட்ட நீதிமன்றமோ குடும்பநல நீதிமன்றமோ உங்களைக் குழந்தையின் கார்டியனாக நியமிக்கும். குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை அப்பொறுப்பு நீடிக்கும். குழந்தையின் தந்தை பெயர் மாறாது. அதன் நிலத்தையோ வீட்டையோ நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ உங்களால் இயலாது. நம் கஃபாலத் முறைக்கு மிக அருகில் நிற்பது இதுவே. அண்ணன் மகனையோ தங்கை மகளையோ வளர்ப்போர் இந்த ஆணையைப் பெற்றுக்கொள்வது நல்லது. "சொந்த இரத்தத்திற்கு எதற்கு நீதிமன்றம்?" என்று கேட்கும் பெரியவர்கள், பாஸ்போர்ட் எடுக்கவும், விபத்து இழப்பீட்டுத் தொகையை வங்கியிலிருந்து பெறவும் அந்தத் தாளின்றி அலைவோரைக் கண்டால் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

பின்னர் இளைஞர் நீதிச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. ஷப்னம் ஹாஷ்மி என்பவர் தொடுத்த வழக்கில், எம்மதத்தவரும் அச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் கஃபாலத் முறையை எடுத்துரைத்தது. இச்சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதன்று, விரும்புவோருக்கு உரிய வழி மட்டுமே என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இப்போது நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டின் சட்டம். 'காரா' என்று சுருக்கமாக வழங்கும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும்; அலுவலர் வீடு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார்; முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தம்பதியராயின் இரண்டாண்டு மணவாழ்க்கை நிறைவுற்றிருக்க வேண்டும். குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது இருபத்தைந்து வயது இடைவெளி வேண்டும். 2021ஆம் ஆண்டின் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது முதல், இறுதி ஆணையை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர்.

ஆயினும், இவ்வழியில் தத்தெடுத்தால் குழந்தை எல்லா வகையிலும் உங்களுக்குப் பிறந்த குழந்தையாகவே சட்டத்தில் கருதப்படும். பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் பெயர் ஏறும். இங்குதான் ஷரீஅத்தும் சட்டமும் பிரிகின்றன. கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையை ஏற்க விரும்புவோருக்கு இன்று பெரும்பாலும் இதுவே வழியாக இருப்பதால், நம்மவரில் சிலர் இதன் வழியே குழந்தையை ஏற்று, வீட்டளவில் வமிச உண்மையைப் பேணி வருகின்றனர். அவர்களைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. தாளில் உள்ளதையே உண்மையென்று குழந்தையிடம் கூறிவிடாதீர்கள் என்று மட்டும் அவர்களை வேண்டுவேன். பதிவு செய்யுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

பலர் அறியாத மூன்றாவது வழியும் உண்டு. அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்பதைப் பற்றிக் கூறுகிறது. இல்லங்களில் வாழும், பொதுவாக ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஒரு குடும்பம் ஏற்று வளர்ப்பது இது. வமிசம் மாறுவதில்லை, பெயர் மாறுவதில்லை. யாரும் கேட்டு வராத பத்து வயதுப் பையன்களும் பன்னிரண்டு வயதுப் பெண்களும் இல்லங்களில் இருக்கின்றனர். எல்லோரும் தேடுவது தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத்தான். மாவட்ட ஆட்சியர் வளாகத்திலோ அதனை ஒட்டியோ இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் விவரம் கூறுவர்.

எவ்வழியாயினும் சரி, குறுக்குவழி மட்டும் வேண்டாம். "பிரசவத்திற்கு வந்த பெண் குழந்தை வேண்டாமென்கிறாள், பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரையே போட்டுவிடலாம்" என்று யாரேனும் இரகசியமாகக் கூறினால், அவ்விடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். 2019இல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனைச் செய்தி தமிழகத்தையே உலுக்கியது நினைவிருக்கும். முறைப்படியன்றி அநாதைக் குழந்தையையோ கைவிடப்பட்ட குழந்தையையோ தத்தெடுப்பதற்காகக் கொடுப்பதும் பெறுவதும் மூன்றாண்டுச் சிறைவரை செல்லும் குற்றம். விலை பேசினால் ஐந்தாண்டுவரை செல்லும். முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டதெல்லாம் செல்லாது. சிறையைவிடக் கொடுமை, மூன்று வயதுவரை மடியில் வளர்ந்த குழந்தையைக் காவலர் வந்து அழைத்துச் செல்வது. கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

இனி, சகோதரிகள் மிகுதியாகக் கேட்கும் மஹ்ரம் பற்றிய வினா. வளர்த்த காரணத்தால் மட்டும் மஹ்ரம் உறவு உண்டாகாது. பிள்ளை பருவமடைந்த பின், வளர்த்த தாயும் மகனும், வளர்த்த தந்தையும் மகளும் பர்தா பேண வேண்டிய நிலை வரும். இதை எண்ணியே சிலர் பின்வாங்கிவிடுகின்றனர். ஆனால் மார்க்கமே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அது பால்குடி உறவு. இரண்டு வயதிற்குள் பால் புகட்டினால் புகட்டியவள் தாயாவாள். அவளுடைய மக்கள் உடன்பிறந்தாராவர். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை வயிறாரப் புகட்டியிருக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் சிறிதளவே போதுமானது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள், உள்நாட்டில் ஹனஃபீகள் மிகுதி என்பதால் அவரவர் ஆலிமிடம் கேட்டுச் செயற்படுங்கள்.

வளர்ப்பவளுக்குப் பால் இல்லையெனில்? எடுக்கும் குழந்தை பெண்ணாயின், கணவருடைய சகோதரி புகட்டட்டும். கணவர் அக்குழந்தைக்குப் பால்குடித் தாய்மாமன் ஆகிவிடுவார். ஆண் குழந்தையாயின், மனைவியின் சகோதரி புகட்டட்டும். மனைவி பால்குடிச் சிற்றன்னை அல்லது பெரியன்னை ஆவாள். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மருத்துவர் மேற்பார்வையில் பால் சுரக்கச் செய்ய இயலும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். யார், எப்போது, எத்தனை தடவை புகட்டினார் என்பதை நாள் குறித்து, இருவர் அறிய, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டு, இருபதாண்டுகள் கழித்துச் சம்பந்தம் பேசும்போது பெரியம்மா ஒருவர் ஐயத்தைக் கிளப்ப, பேச்சு முறிந்துபோன வீடுகள் உண்டு. இரண்டு வயதைக் கடந்து வரும் பிள்ளைகளுக்கு இவ்வாயில் இல்லை. அவர்கள் விஷயத்தில் பருவம் வந்ததும் தனியறை, தலைமுக்காடு என்று சிறுவயது முதலே பழக்கிவிட்டால் பிற்காலத்தில் மனம் நோகாது.

சொத்து விஷயத்திற்கு வருவோம். வளர்ப்புப் பிள்ளை ஷரீஅத்தின்படி வாரிசு ஆகாது. "அப்படியானால் எங்களுக்குப் பின் அது தெருவில் நிற்க வேண்டியதுதானா?" என்று ஒரு தாய் கண்ணீரோடு எழுதியிருந்தார். நிற்க வேண்டியதில்லை, தாயே. வாரிசு அல்லாதவருக்கே உரிய வழியாக வசிய்யத் இருக்கிறது. அடக்கச் செலவும் கடனும் போக எஞ்சுவதில் மூன்றிலொரு பங்குவரை எழுதலாம். வீடும் தோப்புமாக முப்பது இலட்சம் பெறும் சொத்து என்று கொள்வோம். கடனும் பிறவும் மூன்று இலட்சம். எஞ்சிய இருபத்தேழு இலட்சத்தில் ஒன்பது இலட்சம்வரை வளர்ப்புப் பிள்ளைக்குச் சேர வசிய்யத் செய்யலாம். மகனுக்கே இவ்வளவு கிட்டாத குடும்பங்கள் எத்தனையோ! இதற்கும் மேல் கொடுக்க விரும்பினால், உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்துவிடலாம். ஆனால் வாயால் கூறினால் போதாது. பொருளை ஏற்பவர் கையில் ஒப்படைக்க வேண்டும். பிள்ளை சிறுவயதினதாயின் அதன் சார்பில் ஏற்பவர் யார் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள். கார்டியன் ஆணை இங்கும் கைகொடுக்கும். ஜனாஸா புறப்பட்ட நாற்பதாம் நாளில், வளர்ப்பு மகளிடம் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிய உறவினரை நான் அறிவேன். அவர்கள் ஷரீஅத்தின் பெயரால்தான் கேட்டனர். ஷரீஅத் அளித்த வசிய்யத்தை எழுதாமல் போனவர் மீதும் குற்றம் இல்லையா?

பிள்ளைக்கென்று சொந்தமாகச் சொத்து இருந்தால், அது வேறு கணக்கு. யதீமின் பொருளை உண்பவரை நிஸா அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பது ஓதத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். வசதியுள்ளவர் அதைத் தொடக் கூடாது. இல்லாதவர் நியாயமான அளவே எடுக்கலாம். பிள்ளை தக்க வயதடைந்ததும் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும். தனிக் கணக்குப் புத்தகம் வையுங்கள்.

இன்னொன்றையும் கூறாமல் விட மனம் ஒப்பவில்லை. நம் வசதியுள்ள வீடுகள் சிலவற்றில், ஏழை உறவினரின் பத்து வயதுப் பெண்ணை "வளர்க்கிறோம்" என்று அழைத்து வருகின்றனர். வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் நேரத்தில் அவள் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். இது கஃபாலத் அன்று. கூலி கொடுக்காத வேலைக்காரி என்றுதான் இதற்குப் பெயர். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகன் உமர், நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தவர். உணவுத் தட்டில் அவருடைய கை அங்குமிங்கும் அலைவதைக் கண்டு, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், தன் பக்கத்திலிருப்பதை உண்ணுமாறு அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே தட்டில் உண்டதால் அல்லவா அந்தக் கை அலைந்தது! அவர் இறுதிவரை அபூ ஸலமாவின் மகனாகவே அறியப்பட்டார் என்பதையும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் வளரும் பிள்ளை உங்கள் மக்களோடு ஒரே சஹனில் உண்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"உண்மையை எப்போது கூறுவது?" இதற்கு விடை கூறுவதற்காகவே இம்மாதம் பேனாவை எடுத்தேன். பேச்சுப் புரியத் தொடங்கும் மூன்று, நான்கு வயதிலேயே கூறத் தொடங்குங்கள். ஒருநாள் உட்கார வைத்து அறிவிக்கும் செய்தியாக அது இருக்கலாகாது. "உன்னை ஈன்ற உம்மா வேறு, அல்லாஹ் உன்னை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தான்" என்று உறக்கக் கதைபோல் கேட்டு வளரும் பிள்ளைக்கு அதிர்ச்சி என்பது இராது. பெற்றோர் பெயர் தெரிந்திருந்தால் பெயரைக் கூறி, அவர்களுக்காகத் துஆச் செய்யவும் கற்றுக்கொடுங்கள். "சொன்னால் பாசம் குறைந்துவிடுமே" என்று அஞ்சுகிறீர்கள். நீங்கள் கூறாவிட்டால் மதரஸாவில் ஒரு பிள்ளை கூறும். கல்யாண வீட்டில் ஒரு மாமி கூறுவார். ஊர் அறிந்ததை ஒரு குழந்தையிடமிருந்து மட்டும் மறைக்க முடியுமென்று எண்ணுவது நம் பேதைமை.

அந்த நிக்காஹ் மஜ்லிஸுக்கு வருவோம். மணமகள், வளர்த்த தாயின் தூரத்து உறவினருக்குப் பிறந்தவள். அவள் பிறக்குமுன் தந்தை மௌத்தாகிவிட்டார். பிரசவத்தில் தாயும் போய்விட்டார். தந்தையின் தம்பி ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். முறைப்படி வலீ அவரே. காரில் ஆள் அனுப்பினர். லுஹருக்கு முன் நடக்க வேண்டிய நிக்காஹ் அஸருக்குப் பின்னர் நடந்தது. வந்து சேர்ந்த சாச்சா, அண்ணன் மகளைப் பிறந்த வாரத்தில் பார்த்தவர்; அதன்பின் பார்க்கவில்லை. ஹஜ்ரத் முறையை விளக்கியதும், "இவளை வளர்த்த உரிமை உங்களுக்குத்தான், நீங்களே கைப்பிடித்துக் கொடுங்கள்" என்று வளர்த்தவருக்கு வக்காலத் அளித்தார். அவ்வாறே நடந்தது. தஃப்தரில் தந்தையின் பெயராக அவளைக் காணாமலே இறந்துபோன மனிதரின் பெயரும், வக்கீல் என்னுமிடத்தில் வளர்த்தவரின் பெயரும் எழுதப்பட்டன.

கையொப்பத்திற்காக உள்ளே கொண்டுசெல்லப்பட்ட தஃப்தரை அந்தப் பெண் நெடுநேரம் பார்த்தாளாம். "என் வாப்பாவின் பெயர் இதுதானா?" என்று கேட்டாளாம். வளர்த்த தாய் விடை கூற இயலாமல் அழுதிருக்கிறார்.

உங்கள் வீட்டில் வளரும் பெண்ணுக்குத் தந்தைவழி வலீ யாருமில்லையெனில், பகுதிக் காஜியே வலீ ஆவார். வளர்த்த தந்தையையே வக்கீலாக நியமிக்கவும் அவரால் இயலும். இதை நிக்காஹ் நாள் குறிக்குமுன்பே ஜமாஅத்தில் கேட்டு வையுங்கள். பால்குடி உறவு குறித்து மேலும் ஐயமுள்ளோர் எழுதினால், இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் விடை காண்போம். வஸ்ஸலாம்.